ஒரு சதவீதத்துக்கும் குறைவான மங்கல்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை டிராப்பிஸ்ட்-1 என்ற ஒரே விண்மீனைப் பற்றியவை. பூமியிலிருந்து சுமார் 40.7 ஒளியாண்டு தொலைவில், கும்ப ராசி மண்டலத்தில் இருக்கும் மிகச் சிறிய செங்குறுமீன் (சூரியனைவிடச் சிறிய, குளிர்ந்த, சிவந்த விண்மீன்) அது. அதை ஏழு கோள்கள் சுற்றுகின்றன. ஏழும் ஏறக்குறைய பூமி அளவு. சொந்தத் தொலைநோக்கி வைத்துக்கொண்டு ‘நாமும் ஒரு புறக்கோளை (வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளை) பிடிக்க முடியுமா’ என்று கேட்டவர்களுக்கும் கடைசியில் விரிவாகப் பதில் இருக்கிறது.

கேள்வி: டிராப்பிஸ்ட் கோள்களின் படங்களில் கடலும் மேகமும் பனியும் தெரிகின்றனவே, அவை எந்தத் தொலைநோக்கி எடுத்தவை?

எந்தத் தொலைநோக்கியும் எடுக்கவில்லை. அத்தனையும் ஓவியங்கள். அந்த ஏழில் ஒன்றைக்கூட ஒரு புள்ளியாகவேனும் தனியே பிரித்து இன்றுவரை யாரும் படம் எடுத்ததில்லை. நமக்கு வருவது அந்த விண்மீனின் ஒளி மட்டும்தான். கோளைப் பற்றி நாம் சொல்லும் ஒவ்வோர் எண்ணும் அந்த ஒளியில் ஏற்படும் சிறு மாற்றத்திலிருந்து கணக்கிட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டால் இனி வரும் பதில்கள் எளிதாகும்.

கேள்வி: அந்த விண்மீனையாவது 8 அங்குலத் தொலைநோக்கியில் பார்க்கலாமா?

கண்ணை வைத்துப் பார்த்தால் தெரியாது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதன் பிரகாச எண் 18.8 (இந்த எண் கூடக் கூட விண்மீன் மங்கல்). வெறுங்கண்ணுக்குத் தெரியும் கடைசி விண்மீனைவிட ஒரு லட்சம் மடங்குக்கு மேல் மங்கல். மேற்பரப்பு வெப்பம் சுமார் 2,566 கெல்வின்தான் என்பதால் அதன் ஒளியில் பெரும்பகுதி அகச்சிவப்பில் போய்விடுகிறது. நிறையில் அது வியாழனைப் போல 94 மடங்கு. ஆனால் குறுக்களவில் வியாழனைவிட ஆறில் ஒரு பங்குதான் பெரியது. இவ்வளவு சிறிய விண்மீன் என்பதே நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம். ஏன் என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: பார்க்காத கோளின் ஆரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? பள்ளி மாணவர்களுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டும்படி சொல்லுங்கள்.

கோள் தன் விண்மீனுக்கும் நமக்கும் நடுவே கடந்து போகும்போது விண்மீனின் வட்டத்தில் ஒரு பகுதியை மறைக்கிறது. அதைக் கடப்பு என்கிறோம். ஒளி எவ்வளவு குறைகிறதோ, அது கோளின் வட்டப் பரப்புக்கும் விண்மீனின் வட்டப் பரப்புக்கும் உள்ள விகிதம். பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே குறைந்த அளவுக்கு வர்க்கமூலம் எடுத்தால் ஆரங்களின் விகிதம் கிடைத்துவிடும்.

ஏழில் விண்மீனுக்கு மிக அருகே இருக்கும் டிராப்பிஸ்ட்-1பி கடக்கும்போது ஒளி சுமார் 0.735 சதவீதம் குறைகிறது. அதாவது 0.00735. வர்க்கமூலம் 0.0857. விண்மீனின் ஆரம் சுமார் 82,900 கி.மீ. பெருக்கினால் 7,100 கி.மீ. பூமியின் ஆரம் 6,371 கி.மீ. என்பதால் அந்தக் கோள் பூமியைப் போல 1.1 மடங்கு. இதே பூமி நம் சூரியனைக் கடப்பதை வேற்றிடத்திலிருந்து ஒருவர் அளந்தால் அவருக்குக் கிடைக்கும் மங்கல் 0.0084 சதவீதம் மட்டுமே. ஏறக்குறைய அதே அளவுள்ள கோள். ஆனால் இங்கே அடையாளம் 87 மடங்கு பெரியது. சிறிய விண்மீன்களைத் தேடிப் போவதற்கு இதுவே காரணம்.

மாணவர்களிடம் இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். ஒளி குறைந்த அளவு நாம் நேராக அளந்தது. விண்மீனின் ஆரம் அப்படியல்ல. அது நிறமாலை, தொலைவு, கோட்பாட்டு மாதிரிகள் எல்லாம் சேர்ந்து வரும் எண். அதில் 5 சதவீதப் பிழை இருந்தால் கோளின் ஆரத்திலும் 5 சதவீதப் பிழை. கன அளவில் அது 15 சதவீதமாகிவிடும். விண்மீனை எவ்வளவு அறிவோமோ அவ்வளவுதான் கோளை அறிவோம்.

கேள்வி: 2016-ல் மூன்று கோள்கள் என்றார்கள், 2017-ல் ஏழு என்றார்கள். முதலில் எண்ணியது தப்பா?

ஒரு பகுதி தப்புதான். அது எப்படி நேர்ந்தது என்பது புறக்கோள் வேலையின் இயல்பையே காட்டுகிறது.

சிலியின் லா சில்லாவில் உள்ள டிராப்பிஸ்ட் என்ற 60 செ.மீ. தொலைநோக்கி இந்த விண்மீனை இரவுகளில் கண்காணித்தது. மிக்கேல் கில்லோன் தலைமையிலான குழு 2016 மே மாதம் மூன்று கோள்களை அறிவித்தது. பி, சி இரண்டின் சுற்றுக்காலம் தெளிவாகக் கிடைத்தது: 1.51 நாள், 2.42 நாள். மூன்றாவதற்கு இரண்டே மங்கல்கள் கிடைத்திருந்தன. நடுவே விடியல், மேகம், கண்காணிக்காத நாட்கள் என்று இடைவெளிகள் நிறைய. அதனால் அதன் சுற்றுக்காலம் 4.5 நாளிலிருந்து 73 நாள் வரை எதுவாகவும் இருக்கலாம் என்றே எழுதினார்கள். பிறகுதான் தெரிந்தது, அந்த மங்கல்கள் ஒரே கோளுடையவை அல்ல.

இடைவெளியை அடைக்க ஒரே வழி, விண்வெளியிலிருந்து விடாமல் பார்ப்பது. 2016 செப்டம்பரில் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி ஏறக்குறைய 20 நாட்கள் தொடர்ந்து பார்த்தது. 34 கடப்புகள் தெளிவாகப் பதிவாயின. அவற்றைப் பிரித்துப் பார்த்தபோது ஆறு கோள்கள் ஒழுங்காக வரிசையில் நின்றன: 1.51, 2.42, 4.05, 6.10, 9.21, 12.35 நாட்கள். ஏழாவதான எச் ஒரே ஒரு முறைதான் கடந்திருந்தது. ஒரு முறை கடந்ததை வைத்துச் சுற்றுக்காலம் சொல்ல முடியாது.

இங்கேதான் மனதை அள்ளும் கணக்கு வருகிறது. இந்தக் கோள்களின் சுற்றுக்காலங்கள் ஒன்றுக்கொன்று எளிய விகிதத்தில் கட்டுண்டவை. எஃப் நான்கு சுற்று போகும் நேரத்தில் ஜி ஏறக்குறைய மூன்று சுற்று போகும். அடுத்தடுத்த மூன்று கோள்களின் சுற்றுக்காலங்களுக்கிடையே ஓர் உறவு இருக்கும் என்பது வியாழனின் நிலவுகளிலேயே பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் கண்டது. எஃப், ஜி, எச் மூன்றுக்கும் அந்த உறவு இது: 2-ஐ ஜி-யின் சுற்றுக்காலத்தால் வகுத்து, அதிலிருந்து 1-ஐ எஃப்-இன் சுற்றுக்காலத்தால் வகுத்ததைக் கழித்தால், 1-ஐ எச்-இன் சுற்றுக்காலத்தால் வகுத்த எண் கிடைக்கும். போட்டுப் பாருங்கள், கால்குலேட்டர் போதும். 1-ஐ 9.2067-ஆல் வகுத்தால் 0.108617. 2-ஐ 12.353-ஆல் வகுத்தால் 0.161904. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் 0.053287. 1-ஐ இதனால் வகுத்தால் 18.766 நாள்.

கெப்ளர் விண்கலம் தன் கே2 திட்டத்தில் 2016 டிசம்பர் முதல் 2017 மார்ச் வரை இதே விண்மீனைப் பார்த்தது. அந்தத் தரவில் எச் கோளின் கடப்புகள் கிடைத்தன. சுற்றுக்காலம் 18.77 நாள்! கணக்கு முன்கூட்டிச் சொன்ன இடத்தில் கோள் வந்து நின்றது.

கேள்வி: கோள்களுக்கு பி-யில் தொடங்கிப் பெயர் வைக்கிறார்களே, ஏ எங்கே போனது?

ஏ என்பது விண்மீனுக்கே உரியது. கோள்களுக்குக் கண்டுபிடித்த வரிசையில் பி, சி, டி. ஒரே சமயத்தில் பல அறிவிக்கப்பட்டால் உள்ளிருந்து வெளியே.

கேள்வி: ஆரம் சரி. எடையை எந்தத் தராசில் போட்டார்கள்?

பக்கத்துக் கோளே தராசு. ஏழும் நெருக்கியடித்துக்கொண்டு சுற்றுகின்றன. கடைசிக் கோளான எச் கூடத் தன் விண்மீனிலிருந்து சுமார் 93 லட்சம் கி.மீ. தான், புதன் நம் சூரியனிலிருந்து இருக்கும் தூரத்தில் ஆறில் ஒரு பங்குக்குள். இந்த நெருக்கத்தில் ஒன்றையொன்று இழுக்கின்றன. அதனால் கடப்பு வரவேண்டிய நொடியில் வராமல் முந்துகிறது, பிந்துகிறது. கோளைப் பொறுத்து இந்த விலகல் சில பத்து நொடிகளிலிருந்து அரை மணிக்கு மேலும் போகிறது. எவ்வளவு இழுத்தால் இவ்வளவு தாமதம் என்று ஏழு கோள்களுக்கும் சேர்த்துத் தீர்த்தால் நிறைகள் வெளிவருகின்றன.

2021-ல் வெளியான கணக்கின்படி இ கோளின் நிறை பூமியில் 0.69 மடங்கு, ஆரம் 0.92 மடங்கு. அங்கே ஈர்ப்பு பூமியில் 0.82 பங்கு, இங்கே 50 கிலோ காட்டும் எடைக் கருவி அங்கே 41 காட்டும். ஏழு கோள்களின் அடர்த்தியும் ஒரே போக்கில், பூமியைப் போன்ற கலவை கொண்ட பாறைக்கோளுக்கு எதிர்பார்ப்பதைவிடச் சுமார் 8 சதவீதம் குறைவாக இருக்கிறது. இரும்பு குறைவா, இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து பாறைக்குள்ளேயே தங்கிவிட்டதா, மேலே நீர் இருக்கிறதா என்பதை அடர்த்தி ஒன்றை வைத்துப் பிரிக்க முடியாது. ‘தண்ணீர்க் கோள்கள்’ என்று தலைப்புப் போட்டவர்கள் இந்த மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

கேள்வி: அங்கே காற்று இருக்கிறதா? உயிர் வாழ முடியுமா?

பி கோளில் பெரிதாக ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதை அளந்த முறை அழகானது. கோள் விண்மீனுக்குப் பின்னால் மறையும்போது, அதுவரை சேர்ந்து வந்த கோளின் வெப்ப ஒளி மட்டும் நின்றுவிடும். 15 மைக்ரான் அகச்சிவப்பில் ஐந்து மறைவுகளைப் பார்த்தார்கள். ஒளி 0.086 சதவீதம் குறைந்தது. அதிலிருந்து பகல் பக்கத்தின் வெப்பம் சுமார் 503 கெல்வின், அதாவது 230 டிகிரி செல்சியஸ் என்று 2023-ல் கணக்கிட்டார்கள். காற்று இருந்தால் சூட்டை இரவுப் பக்கத்துக்கும் கடத்தியிருக்கும். பகல் பக்கம் அவ்வளவு சுடாது. காற்றில்லாத கரும்பாறைக்கு எதிர்பார்த்த வெப்பமோ 508 கெல்வின். அடுத்த கோளான சி-யில் 380 கெல்வின் கிடைத்தது. வெள்ளியில் இருப்பது போன்ற அடர்ந்த கரியமில வாயு மண்டலம் அங்கே இல்லை என்று சொல்ல அது போதும்.

எல்லோரும் ஆவலோடு பார்ப்பது இ கோளை. பூமி சூரியனிடம் பெறும் ஒளியில் அது மூன்றில் இரண்டு பங்கு பெறுகிறது. காற்று இருந்தால் நீர் திரவமாக நிற்கலாம். ஆனால் அங்கே பின்னால் மறையும் முறை எளிதில் பலிக்காது; கோள் அவ்வளவு சூடு இல்லை. கடப்பின்போது கோளின் விளிம்பைத் தொட்டு வரும் ஒளியின் நிறமாலையைத்தான் பார்க்க வேண்டும். அங்கே விண்மீனே குறுக்கே நிற்கிறது. அதன் மேற்பரப்பில் குளிர்ந்த புள்ளிகளும் சூடான திட்டுகளும் உண்டு. அடிக்கடி தீப்பிழம்பு வெடிப்புகளும் உண்டு. அவ்வளவு குளிர்ந்த விண்மீனின் நிறமாலையிலேயே நீராவியின் தடயம் இருக்கும். கோளில் நீராவி என்று தோன்றுவது விண்மீனின் நீராவியாக இருந்துவிடலாம். இதற்குச் செய்யும் உபாயம்: பி, இ இரண்டும் அடுத்தடுத்துக் கடக்கும் வேளைகளைத் தேர்ந்து பார்ப்பது. பி-யில் காற்று இல்லை என்று கொண்டால், அதன் கடப்பில் தெரியும் மேடுபள்ளம் எல்லாம் விண்மீனுடையது. அதை இ-யின் தரவிலிருந்து கழித்துவிடலாம். அந்த வேலை முடியும்வரை இ-யில் காற்று உண்டு என்றோ இல்லை என்றோ சொல்பவரை நம்ப வேண்டாம்.

கேள்வி: இ கோளில் நின்று வானத்தைப் பார்த்தால்?

விண்மீன் நம் சூரியனைப் போல நான்கு மடங்கு அகலமாக, 2 டிகிரிக்கு மேல் தெரியும். கோள் எப்போதும் ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டு சுற்ற வாய்ப்பு அதிகம் என்பதால் அது உதிக்காது, மறையாது. இரவுப் பக்கத்தில் நின்றால் 18 நாளுக்கு ஒரு முறை எஃப் கோள் 14 லட்சம் கி.மீ. தொலைவுக்கு வந்து, நம் முழுநிலவு அளவில் முழுவட்டமாக ஒளிரும். அதை நினைத்தாலே சிலிர்க்கிறது.

கேள்வி: அங்கே போக எத்தனை ஆண்டு ஆகும்?

வாயேஜர்-1 போகும் வேகத்தில், நொடிக்கு 17 கி.மீ., ஏறக்குறைய 7 லட்சம் ஆண்டுகள்.

கேள்வி: என்னிடம் 20 செ.மீ. தொலைநோக்கியும் குளிரூட்டிய கருப்பு-வெள்ளை சிமாஸ் கேமராவும் இருக்கின்றன. எந்தப் புறக்கோளில் தொடங்கலாம்? எப்படி?

டிராப்பிஸ்டை விட்டுவிடுங்கள். எச்டி 189733பி-யில் தொடங்குங்கள். குறுநரி மண்டலத்தில், டம்பெல் நெபுலாவுக்குக் கிட்டத்தட்ட ஒட்டியே இருக்கிறது விண்மீன். பிரகாச எண் 7.7. கடப்பின் ஆழம் 2.4 சதவீதம், நேரம் சுமார் 1 மணி 50 நிமிடம், 2.2186 நாளுக்கு ஒரு முறை. இதைவிடத் தாராளமான அடையாளம் பிரகாசமான விண்மீன்களில் கிடைப்பது அரிது. இதில் ஒரே தொல்லை, ஒப்பிட அதே பிரகாசமுள்ள விண்மீன்கள் அதே சட்டகத்துக்குள் விழ வேண்டும். குவியத் தூரம் அதிகமான தொலைநோக்கியில் பார்வைப் புலம் குறுகிவிடும். குறைந்தது அரை டிகிரி வேண்டும். இல்லாவிட்டால் குவியத்தைக் குறைக்கும் ரெடியூசர் போடுங்கள், அல்லது 10 செ.மீ. லென்ஸ் தொலைநோக்கியையே பயன்படுத்துங்கள். இந்த இலக்குக்குச் சிறியதே மேல்.

கடப்பு தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே படம் எடுக்கத் தொடங்கி, முடிந்து ஒரு மணி நேரம் கழித்து நிறுத்த வேண்டும். மொத்தம் நான்கு மணி நேரம், அந்த நேரம் முழுக்க விண்மீன் அடிவானத்திலிருந்து 30 டிகிரிக்கு மேலே இருக்கும் இரவைத் தேர்ந்தெடுங்கள். நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் வரைபடத்தை ஒளி வளைவு என்கிறோம்; இரு பக்கமும் சமதளம் இல்லாத வளைவில் ஆழத்தை அளக்கவே முடியாது.

சிவப்பு வடிகட்டி போடுங்கள். கேமராவை மைனஸ் 10 டிகிரியில் நிலைப்படுத்துங்கள். பிறகு வேண்டுமென்றே குவியத்தைக் கலையுங்கள்: விண்மீன் 10 முதல் 15 பிக்சல் அகலமுள்ள வட்டாகத் தெரியட்டும். அழகான படம் எடுத்துப் பழகியவர்களுக்குக் கை வராது, ஆனாலும் செய்யுங்கள். கூரிய புள்ளியாக இருந்தால் சில நொடியிலேயே நடுப் பிக்சல் நிரம்பி வழியும். பரவிவிட்டால் 20, 30 நொடி திறந்து வைக்கலாம். 16 பிட் அளவில் (0 முதல் 65,535 வரை) உச்சப் பிக்சல் 30,000 முதல் 40,000-க்குள் நிற்கட்டும். விண்மீன் உச்சிக்கு ஏறும்போது ஒளி கூடும் என்பதால் இடம் விட்டே வையுங்கள். நீண்ட திறப்பில் இன்னொரு லாபம்: விண்மீன் மினுமினுப்பு சராசரியாகிவிடும். 20 செ.மீ. தொலைநோக்கியில், உச்சி வானில், 20 நொடிப் படத்தில் மினுமினுப்பால் வரும் சிதறல் சுமார் 0.2 சதவீதம். 3 நொடிப் படத்தில் அது 0.5 சதவீதம்.

விண்மீன்கள் நான்கு மணி நேரமும் அதே பிக்சல்களில் உட்கார வேண்டும், ஆட்டோகைடிங் (ஒரு விண்மீனைக் கவனித்துத் தொலைநோக்கியின் நகர்வைத் தானே திருத்தும் ஏற்பாடு) அவசியம். முடிந்ததும் கேமராவைத் திருப்பாமல், குவியத்தைத் தொடாமல், அப்படியே 30 ஃபிளாட் படங்கள் (சீரான ஒளியைப் பார்த்து எடுப்பவை), பாதி நிரம்பிய அளவில். அதே வெப்பநிலையில் அதே திறப்பு நேரத்துக்கு 20 முதல் 30 டார்க் படங்கள் (மூடியைப் போட்டு எடுப்பவை). ஃபிளாட்டின் திறப்பு நேரத்துக்கும் தனி டார்க் எடுங்கள். இதைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

அளப்பதற்கு ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள் போதும். பரவிய வட்டை முழுதாக மூடும் அளவுக்கு அளவை வளையம் வைத்து, வெளியே வான ஒளிக்கு இன்னொரு வளையம் வையுங்கள். ஒப்பீட்டு விண்மீன்கள் மூன்று முதல் ஆறு, பிரகாசத்திலும் நிறத்திலும் இலக்குக்கு நெருங்கியவை. ஒவ்வொன்றையும் மற்றவற்றோடு ஒப்பிட்டு, தானே மாறும் விண்மீன் எதுவும் உள்ளே இல்லை என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: இதே கோளை இரண்டு முறை முயன்றேன். முதல் முறை வளைவு முழுக்கச் சாய்ந்திருந்தது. இரண்டாம் முறை நடுவில் திடீரென்று ஒரு படி விழுந்தது. கடப்பு தெரிந்தாலும் ஆழம் 2 சதவீதத்துக்கும் குறைவு. எங்கே தவறு?

சாய்வுக்குக் காரணம் பெரும்பாலும் நிறம். இலக்கு ஆரஞ்சு நிற விண்மீன். ஒப்பீட்டு விண்மீன் நீலமாக இருந்தால், வானத்தில் தாழும்போது காற்று மண்டலம் நீலத்தை அதிகமாகச் சிதறடித்து இரண்டின் விகிதத்தையும் மெல்ல மாற்றும். சிவந்த ஒப்பீட்டு விண்மீனைத் தேர்ந்தெடுங்கள். மிஞ்சும் சாய்வை மென்பொருளில் காற்றுத் தடிமனோடு பொருத்தி நீக்கலாம். ஆனால் கடப்புக்கு வெளியே இருபுறமும் தரவு இருந்தால்தான் அது நேர்மையான திருத்தம்.

படி விழுந்தது மெரிடியன் ஃபிளிப்பால். ஜெர்மன் வகை மவுன்ட் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் அமைப்பு) உச்சிக் கோட்டைத் தாண்டும்போது குழாய் மறுபக்கம் திரும்பும். விண்மீன்கள் சென்சாரின் வேறு மூலைக்குப் போகும். ஃபிளாட் கொஞ்சம் சரியில்லை என்றாலும் அங்கே படி தெரியும். திருப்பம் கடப்புக்குள் வராத இரவைப் பாருங்கள். முடியாவிட்டால் தொடக்கத்துக்கு முன்பே திருப்பிவிடுங்கள்.

ஆழம் குறைவதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது நிரம்பிய பிக்சல். கடப்புக்கு வெளியே பிரகாசமாக இருக்கும்போது உச்சி வெட்டப்பட்டு, கடப்பின்போது வெட்டப்படாவிட்டால் வித்தியாசம் சுருங்கிவிடும். அடுத்தது, அளவை வளையத்துக்குள் பக்கத்து விண்மீனின் ஒளி. மூன்றாவது, வான ஒளி வளையம் விண்மீனின் ஓரத்தையே தொட்டுக்கொண்டிருப்பது. சில நிமிடத்துக்கு ஒரு முறை அலைபோல ஏறி இறங்கினால் மவுன்டின் பற்சக்கரப் பிழையும் தூசி வளையங்களும் சேர்ந்து செய்யும் வேலை அது. கடைசி ஒரு மணி நேரம் மட்டும் எல்லா விண்மீன்களும் மங்கினால் லென்ஸைத் துடைக்காதீர்கள். பனி படிந்திருக்கிறது, சூடேற்றும் பட்டை கட்டுங்கள்.

கேள்வி: பெரிய தொலைநோக்கிகள் ஏற்கெனவே அளந்ததை நான் மறுபடி அளந்து என்ன பயன்?

நேரத்துக்காக. சுற்றுக்காலத்தில் ஒரு நொடி பிழை இருந்தால், 2.2186 நாள் கோள் ஆண்டுக்கு 165 சுற்று போடும்; ஓர் ஆண்டில் 165 நொடி, பத்து ஆண்டில் 27 நிமிடம் கணிப்பு பிசகிவிடும். விண்வெளித் தொலைநோக்கியின் நேரத்தை ஒதுக்குபவர்களுக்கு அந்த 27 நிமிடம் பெரிது. ஏரியல் விண்கலம் பார்க்கப்போகும் கோள்களின் நேரங்களைப் புதுப்பித்து வைக்க எக்ஸோகிளாக் என்ற திட்டம் சிறு தொலைநோக்கிக்காரர்களின் அளவீடுகளை வாங்கிக்கொள்கிறது.

அதற்கு உங்கள் கணினிக் கடிகாரம் ஒரு நொடிக்குள் சரியாக இருக்க வேண்டும். படம் எடுப்பதற்குச் சற்று முன் இணைய நேரத்தோடு பொருத்துங்கள். படத்தில் பதிவாவது திறப்பின் தொடக்க நேரமா நடு நேரமா என்று பாருங்கள். 30 நொடிப் படத்தில் அது 15 நொடி வேறுபாடு. பூமி சூரியனைச் சுற்றுவதால் ஒளி வந்து சேரும் நேரம் ஆண்டின் காலத்தைப் பொறுத்து 8.3 நிமிடம் வரை முந்தும், பிந்தும். அதனால் சூரியக் குடும்பத்தின் நிறை மையத்துக்கு மாற்றிய நேரத்தையே அனுப்ப வேண்டும். உலகப் பொது நேரமான யுடிசி-யிலிருந்து அந்தக் கணக்கில் பயன்படும் நேர அளவுக்கு மாற மேலும் 69 நொடி கூட்ட வேண்டும். ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே இரண்டையும் செய்யும். தொலைநோக்கி இருந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைச் சரியாகக் கொடுத்திருக்கிறீர்களா என்று மட்டும் அனுப்பும் முன் ஒரு தடவை பாருங்கள்.